நோயில்லாத பிள்ளைக்கு ஆறு மாத மாத்திரை

அட்டையில் ஏப்ரல் 14 வரை ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் ஒரு கோடு. அதற்குப் பிறகு சில வெறும் கட்டங்கள். ஜனவரி 18 அன்று தொடங்கிய மாத்திரை, நாளுக்கு ஒரு வேளையாக 87 நாள் விடாமல் போயிருக்கிறது. 88-ஆம் நாள் நின்றுவிட்டது. பாம்பன் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அந்த அட்டையைப் பார்த்தேன். மூன்று வயதுப் பெண்பிள்ளையின் அட்டை அது. அவளுக்கு நோய் எதுவும் இல்லை. அவளுடைய தாத்தாவுக்குத்தான் ஜனவரியில் சளிப் பரிசோதனை செய்து டி.பி., அதாவது காசநோய், என்று சொன்னார்கள். அது இவளுக்கும் வராமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை.

ஏப்ரல் 15 என்ன நாள் என்று இந்தக் கரையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கும் நாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வேறு வேலை தேடிக் கேரளாவுக்குப் போய்விட்டார். அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தொண்டிப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனார். மாத்திரையும் பையோடு போனது. அங்கே அம்மாச்சி கேட்டிருக்கிறார்: “சீக்காளிக்குத்தானே மாத்திரை? இவ நல்லாத்தானே ஓடியாடித் திரியிறா, இவளுக்கு எதுக்கு?”

அதற்குப் பதில் சொல்ல அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. மாத்திரை அலமாரியில் ஏறிவிட்டது.

இந்தக் குடும்பத்தை அலட்சியக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 87 நாள் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குத் தினமும் மாத்திரை கொடுத்தவர்கள் அவர்கள். அம்மாச்சி கேட்டதும் நியாயமான கேள்விதான். அதற்கான பதில் மருந்து கொடுத்த அன்றே அந்த வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். தடைக்காலத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்றும் அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

முதலில் கேள்விக்கான பதில்.

காசநோய்க் கிருமி காற்றில் வருகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள், காற்றோட்டம் இல்லாத அறையில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். தாத்தாவுக்கு ஜனவரியில்தான் நோய் தெரிந்தது. இருமல் அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கியிருக்கும். அந்த மாதங்களில் பேத்தி அவர் நெஞ்சின் மேல்தான் தூங்கியிருப்பாள். தாத்தா மருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து கிருமி பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே உள்ளே போன கிருமி போனதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியது நம் ஊர் ஆய்வுதான். சென்னையில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அதன் முதல் ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும் மறுபகுதியினரைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு இருந்த வீட்டாருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. வீட்டார் மேல் கிருமி விழுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்புதான் என்று அதிலிருந்து புரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தையே மாற்றிய ஆய்வு அது. ஆகவே தாத்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதால் பேத்திக்கு ஒரு பயனும் இல்லை. தட்டு வழியாக இந்த நோய் வராது. பேத்திக்குத் தேவை அந்த மாத்திரை.

கிருமி உள்ளே போனாலும் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றி வேலி போட்டு அடக்கி வைக்கும். நல்ல உடல்நலமுள்ள பெரியவர் என்றால், வாழ்நாள் முழுவதிலும் நோயாக மாற நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் வாய்ப்பு. சின்னப் பிள்ளைகளிடம் அந்த வேலி பலவீனமானது. மருந்தே இல்லாத காலத்தில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய பழைய ஆய்வுகள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிருமி தொற்றினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் வந்தது என்கின்றன. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அது கால்வாசி. அதிலும் மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோய்தான் கொடுமை. அது வந்தால் பிழைக்கும் குழந்தைக்கும் காது, கண், நடை என்று ஏதோ ஒன்றில் வாழ்நாள் குறை நின்றுவிடக்கூடும்.

பிறந்தவுடன் கையில் போட்ட பி.சி.ஜி. ஊசி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஊசி மூளைக் காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களிலிருந்து குழந்தையை நன்றாகவே காக்கிறது, அதனால் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் 1968-ல் தொடங்கி நீண்ட காலம் நடந்த பெரும் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. வீட்டுக்குள்ளேயே இருமுகிற ஒருவர் இருந்தார் என்றால், ஊசியை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

மாத்திரை அந்த இடத்தில்தான் வருகிறது. பல நாடுகளில் நோயாளிகளோடு பழகிய 1,37,647 குழந்தைகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த கட்டுரை 2020-ல் வெளியானது. தொற்று உறுதியான பிள்ளைகளிடம் தடுப்பு மருந்து 91 சதவீதம் பயன் தந்தது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வந்த நோயில் பெரும்பகுதி, வீட்டாரைப் பரிசோதித்த நாளிலிருந்து 90 நாளுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. “பார்க்கலாம், தேவைப்பட்டால் கொடுக்கலாம்” என்று தள்ளிப்போட இங்கே நேரமே இல்லை.

நோயாளிக்கு நான்கு மருந்து சேர்த்துக் கொடுக்கும்போது பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரே மருந்து? விவரம் தெரிந்த இளைஞர்கள் கேட்பது இது. நோய் முற்றிய நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஏதாவது ஒரு மருந்துக்குப் பணியாதவை சில இருந்தே தீரும். அதனால்தான் நான்கு திசையிலிருந்தும் அடிக்கிறார்கள். நோயில்லாத பிள்ளையின் உடம்பில் அடங்கிக் கிடப்பவை மிகச் சில. அவற்றுக்கு ஐசோனியாசிட் என்ற ஒரு மருந்தே போதும். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளைக்கு நோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இருமல், காய்ச்சல், எடை ஏறாமல் நிற்பது, விளையாடாமல் சோர்ந்து படுப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் முழுப் பரிசோதனை செய்யாமல் இந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. நோய் இருக்கும் பிள்ளைக்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால், தோலில் போடும் சோதனையோ ரத்தச் சோதனையோ இல்லாமலே மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறது 2021-ல் வந்த இந்திய வழிகாட்டி.

யார் யாருக்கு என்பதையும் அந்த வழிகாட்டி விரிவாகவே பார்க்கிறது. நோயாளி மருந்து தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவரோடு ஒரு இரவாவது ஒரே வீட்டில் தூங்கியவர்கள், பகலில் அடிக்கடி கூடவே இருந்தவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பகலெல்லாம் தாத்தா வீட்டில் விட்டுவிட்டுப் போகும் மகள்வழிப் பேரனும், லீவுக்கு வந்துபோன பிள்ளையும் கணக்கில் உண்டு. இந்தக் கரையில் ஒரு குடும்பம் ஒரே கூரைக்குள் இருப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மருந்து மூன்று விதமாக இருக்கிறது. பல இடங்களில் பழக்கத்தில் உள்ளது ஐசோனியாசிட் மட்டும், தினமும், ஆறு மாதம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது அளவு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. எடை ஏறினால் அளவும் ஏற வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை தராசில் நிறுத்த வேண்டும். அடுத்தது ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் சேர்ந்து மூன்று மாதம் தினமும். தண்ணீரில் கரையும், பழ வாசனையுள்ள மாத்திரையாகவே இது வருகிறது. மூன்றாவது, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ரிஃபாபென்டினும் ஐசோனியாசிடும் வாரம் ஒரே நாள், மொத்தம் 12 வாரம். ஒரே வேளையில் நான்கைந்து மாத்திரை சேர்ந்து வருவது அதில் ஒரு தொல்லை. தாத்தாவுக்கு வந்தது சாதாரண மருந்துகளுக்குப் பணியாத வகை என்றால் பேத்தியின் மருந்தும் மாறும். அதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

என்னைக் கேட்டால், கிடைக்கும் இடத்தில் இந்தக் கரைக்கு வாரம் ஒரு நாள் முறைதான் பொருந்தும் என்பேன். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகின்றன. டோக்கன் எடுக்கும் நாள், படகு கரைக்கு வரும் நாள், நாட்டுப்படகுக்கான நாள் என்று இங்கே வாழ்க்கையே கிழமையால்தான் ஓடுகிறது. “வெள்ளிக்கிழமை மாத்திரை நாள்” என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் அது நிற்கும். கீழக்கரையில் ஜும்மாவுக்கு வீடே தயாராகிக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்கும் கொடுத்துவிடலாம். 180 நாளை நினைவில் வைப்பதைவிடப் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை எளிது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்குத் தினசரி மாத்திரைதான்.

அந்தத் தினசரி மாத்திரையை ஒரு வீட்டில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கிட்ட இருந்து பார்த்தேன். அம்மா விடியுமுன்பே பாசி எடுக்கக் கடலுக்குப் போயிருந்தார். அப்பத்தாதான் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டார். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் இரண்டு கரண்டி ஆறவைத்த தண்ணீர், அதில் மாத்திரை. விரலால் கலக்காமல் பாலாடையையே மெல்லச் சுழற்றினார். மாத்திரை பொரிந்து, உதிர்ந்து, வெள்ளையாகக் கலங்கியது. கடைவாய்ப் பக்கம் மூக்கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அடியில் ஒட்டியதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதையும் கொடுத்தார். பிறகு நாக்கில் தொட்டுவைக்க ஒரு துணுக்குக் கருப்பட்டி. பிள்ளை கருப்பட்டிக்காகவே வாயைத் திறந்தது. கடைசியாக எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். மாத்திரை கொடுக்காமல் தாளைக் கிழிக்கக் கூடாது என்பது அந்த வீட்டு ஏற்பாடு. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அட்டையில் கோடு போட மாட்டார். ஆனால் கிழியாத தாள் சுவரில் இருந்தால் மாலை வீடு திரும்பும் மருமகள் கேட்பாள். இதைவிட நல்ல பதிவேட்டை நான் பார்த்ததில்லை.

கரைத்த மருந்தை உடனே கொடுத்துவிட வேண்டும். மீதியை நாளைக்கு என்று வைக்கக் கூடாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் ஐசோனியாசிட் நன்றாக உடம்பில் சேரும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதில் தவறில்லை. காலையில் மறந்துபோனால் அன்றைக்கே மாலையில் கொடுக்கலாம், ஆனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: பழ வாசனையுள்ள மாத்திரையைப் பிள்ளை மிட்டாய் என்று நினைத்துவிடும். பல மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்கினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. பட்டையிலிருந்து பிரிக்காமல், உப்புக் காற்று படாத மூடிய டப்பாவில், எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

மீன் தின்னும் கரை என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உணவில் உள்ள ஹிஸ்டமின் என்ற பொருளை உடம்பு வழக்கமாக உடைத்துப் போக்கிவிடும். அந்த வேலையை ஐசோனியாசிட் தடுக்கிறது. சூரை, சாளை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் பெருகும். சமைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. இந்த மாத்திரை சாப்பிடுபவர் அப்படிப்பட்ட மீனைத் தின்றால் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் படபடப்பும் வரலாம். வீட்டில் என்ன நினைப்பார்கள்? மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் பிடித்த மீனால் பயம் இல்லை. பிள்ளைக்கு அது நல்லது, தாராளமாகக் கொடுக்கலாம். மாத்திரை ஓடும் மாதங்களில் நாள்பட்ட சூரையையும், எப்போது பிடித்தது என்று தெரியாத மீனில் போட்ட கருவாட்டையும் பிள்ளையின் தட்டில் வைக்காமல் இருந்தால் போதும். கடற்கரையில் மருந்து கொடுப்பவர்கள் இதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

உண்மையான பக்கவிளைவு கல்லீரல் பாதிப்பு. பிள்ளைகளுக்கு அது மிக அரிது. விடாத வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, வயிற்று வலி, கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ரிஃபாம்பிசினோ ரிஃபாபென்டினோ சேர்ந்த மருந்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், பயம் வேண்டாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் எத்தனையோ வீடுகளில் மாத்திரை நின்றிருக்கும். எடை குறைந்த பிள்ளைகளுக்கு நரம்புக்காக பி6 வைட்டமினும் சேர்த்துத் தருவார்கள்.

இப்போது அந்த வெறும் கட்டங்களுக்கு வருகிறேன். இந்தக் கரையில் ஒரு பிள்ளை ஆறு மாதம் ஒரே இடத்தில் இருக்காது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒரு கடல், வாடைக் காலத்தில் மறு கடல் என்று தொழிலே இடம் மாறும்; தடைக்காலத்தில் தாய்வீடு, திருவிழாவுக்கு இன்னொரு ஊர். விடிகாலையில் நண்டுக் கம்பெனிக்கோ ஏலக் கூடத்துக்கோ போகும் அம்மா, மாத்திரை நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். கீழக்கரையில் வாப்பா வளைகுடாவில் இருக்கும் பல வீடுகளில் உம்மம்மா சொல்வதே முடிவு. மண்டபம் அகதிகள் முகாமில் கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். ஆனால் மருந்தை வாங்க வருவது அம்மா, விளக்கம் கேட்பதும் அம்மா. உண்மையில் ஊட்டுபவருக்கு ஒரு வார்த்தையும் போய்ச் சேர்வதில்லை.

ஆகவே முதல் நாளே இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காலையில் பிள்ளைக்கு ஊட்டுவது யார்? அடுத்த ஆறு மாதத்தில் பிள்ளை எந்தெந்த ஊரில் இருக்கும்? ஊட்டுபவரை நேரில் பார்த்தோ போனிலோ பேசிவிட வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், தடைக்காலம் முடியும் வரைக்கான மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கே போனாலும் அங்கிருக்கும் அரசு சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டி இலவசமாக மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதைச் சொல்ல வேண்டும். நிக்ஷய் என்ற நாடு தழுவிய பதிவில் பெயர் இருக்கிறது. சந்தேகம் வந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஊர்ப் பெயர் தெரிந்தால் அங்குள்ள நர்ஸிடம் சொல்லி வைப்பது ஒரு போன் வேலைதான்.

விட்டுப்போனால் எல்லாம் வீண் என்ற எண்ணமும் பலரை நிறுத்திவிடுகிறது. “நடுவுல விட்டுட்டோம், இனிமே போனா திட்டுவாங்க” என்று ஒளிந்துகொள்கிறார்கள். விதி அவ்வளவு கறாரானது இல்லை. இரண்டு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனாலும் மருத்துவர் கணக்குப் பார்ப்பார். ஆறு மாத மருந்தில் குறைந்தது 80 சதவீத வேளைகளை 239 நாளுக்குள் முடிக்க முடியுமென்றால் அது முடித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். முடியாதபோதுதான் முதலிலிருந்து தொடங்குவதைப் பற்றி யோசிப்பார்கள்.

மருந்தோடு சோறும் போக வேண்டும். ஜார்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும் கொடுத்தார்கள், பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அதில் பாதி. அதற்கே வீட்டாருக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நம் நாட்டில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. அதே வீட்டில் தட்டேந்தி நிற்கும் பிள்ளைக்கும் தனியாக ஏதாவது வர வேண்டும். வருமானம் அற்றுப்போகும் அந்த 61 நாளிலாவது.

பாம்பன் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். மே முதல் வாரம் துணை சுகாதார நிலைய நர்ஸ் வீட்டுக்கு வந்தபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் போன் எண் வாங்கி அம்மாவை அழைத்திருக்கிறார், திட்டவில்லை. “போனை அம்மாச்சிகிட்ட குடும்மா” என்றாராம். தாத்தாவின் இருமலிலிருந்து தொடங்கி அம்மாச்சிக்குப் புரியும்படி பத்து நிமிடம் பேசியிருக்கிறார். மருத்துவ அலுவலரும் கணக்குப் பார்த்துத் தொடரச் சொல்லிவிட்டார். மே 4 அன்று அலமாரியிலிருந்து மாத்திரை இறங்கியது. விட்டது 19 நாள். ஆகஸ்ட் 4 அன்று 180 வேளையும் முடிந்தது. 239 நாள் கெடுவுக்கு இன்னும் 40 நாள் மிச்சம் இருந்தது.

அட்டையின் கடைசிக் கட்டங்களில் இருப்பது நீல மை இல்லை, கரிக்கோடு. அம்மாச்சி போட்டது. ஜூனில் கடல் திறந்து மகள் பாம்பனுக்குத் திரும்பியபோதும் பிள்ளையை அவர் விடவில்லை, மாத்திரை முடியட்டும் என்று தன்னிடமே வைத்துக்கொண்டாராம். அட்டையின் பின்பக்கம் நர்ஸ் கையெழுத்தில் அடுத்து எடை பார்க்க வேண்டிய மாதம் எழுதியிருந்தது: பிப்ரவரி. இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்களாம். அட்டை இப்போது ரேஷன் கார்டோடு சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.